முன்னுரையில் இறந்தவள்

அச்சுக்கட்டை செதுக்குகிறவர் காலையிலேயே வந்துவிட்டார். முன்கூடத்து மேசையில் மை காயாத தாள்களை விரித்து, பறக்காமலிருக்க ஓரங்களில் தேநீர்க் கிண்ணங்களை வைத்தார். மாமனார் குனிந்து படித்தார். முன்னுரையின் முதல் வரி இப்படி இருந்தது: "பான் வீட்டு மகள் ருன்யூ, பதினேழு வயதில், குளிர்கால மழையோடு சேர்ந்து மறைந்தாள்."

உள்கட்டில் ருன்யூ இரண்டாவது கிண்ணம் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உப்பு முட்டை இன்னொண்ணு இருக்கா?"

"எதுக்கு? மஞ்சக்கருவ நோண்டித் தின்னுட்டு வெள்ளைய என் தலையில கட்டுறதுக்கா?"

"உங்களுக்கு வெள்ளைதான் பிடிக்கும்னு சொன்னீங்க."

"எப்பச் சொன்னேன்?"

"நான் சாகக் கிடந்தப்ப."

"அப்ப என்ன வேணாச் சொல்லுவோம்."

"அதெல்லாம் முடியாது. சாகப்போறவகிட்ட சொன்னது சொன்னதுதான்."

முட்டையை உடைத்து அவள் கிண்ணத்தில் போட்டேன்.

நான் இந்த வீட்டு மருமகள். என் கணவர் யாங்சோவில் ஓர் உப்பு வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். புத்தாண்டுக்கு வருவார். என் பிறந்த வீட்டில் சோயா ஊறவைத்து விற்கிறோம். இங்கே புத்தகம். பெண் பார்க்க வந்தபோது எங்கள் முற்றத்து ஜாடிகளின் வாசனையில் மாமனார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அத்தை மட்டும் ஒரு ஜாடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு," என்றாள். அவளுக்காகத்தான் சம்மதித்தேன்.

ருன்யூ சின்ன வயதிலிருந்தே கவிதை எழுதுகிறவள். மாமனார்தான் சொல்லிக்கொடுத்தார். வேறு யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மணமாகாத பெண்ணின் கவிதை வெளியே போவதும் அவள் கொண்டை ஊசி வெளியே போவதும் ஒன்றுதான். எவன் கையில் கிடைத்தது என்று ஊர் கேட்கும்.

போன இலையுதிர் காலத்தில் அவள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. அதன் பிறகு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. யாரும் தீர்மானித்துச் செய்ததில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மாமனாரின் நண்பர்கள் முன்கூடத்தில் கூடுவார்கள். ஒரு பௌர்ணமியில் மாமனார் அவள் கவிதை ஒன்றை வாசித்தார். அடுத்த கூட்டத்தில் அவர்களே கேட்டார்கள். அவள் மெலிய மெலியக் கேட்பது கூடியது.

அவர்களில் பெரியவர் சியூ ஐயா. கைமாறி வரும் கதைச் சுவடிகளின் ஓரத்தில் சிவப்பு மையால் குறிப்பு எழுதுகிறவர். கதையை விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் படிக்கிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. மரத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன்.

"முழு நிலாவப் பாத்து நெல்லு வியாபாரிகூடச் சந்தோஷப்படுவான்," என்பார். "தேய்பிறையப் பாக்கத்தான் கண்ணு வேணும்."

இன்னொரு நாள் கேட்டார்: "கதையில நாயகி சாப்பிட்டு யாராவது பாத்திருக்கீங்களா? பரிமாறுவா. கிண்ணத்தைத் தள்ளி வைப்பா. சாப்பிட மாட்டா. ஏன்? சாப்பிட்டா அவ நாளைக்கும் இருப்பா. நாளைக்கும் இருக்கிறவளுக்காக எவன் அழுவான்?"

நண்பர்கள் ஆமோதித்தார்கள். தட்டில் வைத்த எள்ளுருண்டை தீர்ந்தது.

அந்தக் கைக்குட்டைகளை நான்தான் துவைத்தேன். கைக்குட்டை கவிதையில் வந்தது. படுக்கைச் சட்டி வரவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது பொய் என்று சொல்லமாட்டேன். முகம் ஒடுங்க ஒடுங்க அவள் கண்கள் பெரிதாயின. சன்னலோரம் சாய்ந்து அவள் எழுதும்போது கையில் மருந்துக் கிண்ணத்தோடு நானே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மருந்து ஆறிப்போயிருக்கிறது.

குளிர் முற்றியபோது மருத்துவர் மருந்தை மாற்றுவதை நிறுத்திவிட்டார். அப்போது வீட்டில் இரண்டு காரியம் நடந்தது.

அத்தை சவப்பெட்டி செய்யச் சொன்னாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெட்டியும் புதைக்கிற உடையும் தயாராக இருந்தால், தன் வேலை முடிந்தது என்று நினைத்துச் சாவு திரும்பிப் போய்விடும் என்பார்கள். பெட்டி வந்தது. அதன்மேல் சிவப்புத் தாள் ஒட்டிக் கொல்லைக் கொட்டகையில் வைத்தாள்.

மாமனார் அச்சுக்கட்டை செதுக்கச் சொன்னார். கண்மூடுவதற்குள் மகள் தன் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னுரை வேண்டுமென்று சியூ ஐயாவைக் கேட்டார். அவர் அன்றே எழுதி அனுப்பினார். இந்த மாதிரிப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதுகிறவர்கள் "நோயாக இருக்கிறாள்" என்று எழுதமாட்டார்கள். "மறைந்தாள்" என்றுதான் எழுதுவார்கள். அவர் அழுதுகொண்டே எழுதினாராம். தாளில் மை கலங்கியிருந்தது. அவள் கவிதைகளோடு சேர்த்து ஒரு பிரதியை நான்ஜிங்கிலிருந்த தெங் ஐயாவுக்கும் அனுப்பிவைத்தார்.

தெங் ஐயா நாடு முழுவதும் தேடிப் பெண்களின் கவிதைகளைத் தொகுக்கிறவர். இறந்த பெண்கள் மட்டும். உயிரோடிருப்பவளின் பெயரை அச்சில் போட்டால் வம்பு. இறந்தவளுக்கு வம்பில்லை.

புத்தாண்டு கழிந்தது. ருன்யூவின் இருமல் வற்றியது. மாதம் ஒன்று போனதும் மூங்கில் குருத்துப் போட்டுப் பன்றி இறைச்சி வேண்டும் என்றாள். அவள் தின்பதைப் பார்த்து அத்தை அழுதாள். பிழைக்க வைத்தது மருந்து என்றார் மருத்துவர். பெட்டி என்றாள் அத்தை.  அவள் முதன்முதலாக வாசல்வரை நடந்த அன்று மாமனார், களைத்தால் உட்காரட்டும் என்று ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். வேலைக்காரி அச்சுன் வாங்க வந்தபோதும் தரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் அச்சுக்கட்டைகளின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான்ஜிங்குக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் அவளுடைய புதுக் கவிதையை வாசித்தார். மூங்கில் குருத்தைப் பற்றியது. ஏழு சட்டை போட்டுக்கொண்டு மண்ணுக்குள்ளிருந்து வருகிறது குருத்து. கத்தி ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. சட்டியில் இறைச்சியின் பக்கத்தில் படுத்ததும், தான் மரமாக நினைத்ததை மறந்துவிடுகிறது. நான் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சியூ ஐயா, "யார் எழுதினது?" என்றார்.

"என் மகள்தான்."

"இல்லையே. உங்க மகள் குளிர்காலத்துலயே போயிட்டாளே. இது வேற யாரோ. நல்லா வயிறாரச் சாப்பிடுற யாரோ."

எல்லாரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். என் பக்கத்தில் ருன்யூவின் காது சிவந்தது.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. எழுத உட்காருவாள். எழுந்து கண்ணாடி முன்னால் போய் நிற்பாள்.

"அண்ணி, என் கன்னத்தப் பாருங்க. ஆவியில வெச்ச பன்னு மாதிரி."

"பன்னுன்னா என்ன? நாலு பேர் ஆசையா எடுத்துத் திம்பாங்க."

"யாரும் பன்னப் பத்திக் கவிதை எழுத மாட்டாங்க."

"நீ எழுது."

"எழுதினேனே. சிரிச்சாங்களே."

முன்னுரையின் கைப்பிரதி அவளிடமே இருந்தது. மாமனார் அதை ஒளிக்கவில்லை. ஒரு நாள் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மடியில் வைத்துப் படித்தாள்.

"இவ நல்லாருக்கா அண்ணி," என்றாள். "இருமுறப்பகூட மெதுவா இருமுறா. எனக்கே இவமேல ஆசையா இருக்கு."

"நீ இருமினப்ப பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது."

அவள் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்று தெங் ஐயா வருகிறார். செதுக்குகிறவர் காலையிலேயே வந்தது அதனால்தான். அவர் போனதும் மாமனார் உள்கட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"விருந்தாளி இருக்கிறவரைக்கும் ருன்யூவோட குரல் வெளியே கேக்கக் கூடாது," என்றார்.

அத்தை இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பொண்ணு பொழைச்சிட்டான்னு சொல்லிடுங்களேன். இது என்ன திருட்டா?"

"சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? அவர் தொகுப்புலேருந்து எடுத்துடுவாரு. நானும் அச்சுப் போட முடியாது. கட்டையெல்லாம் சீவி எவனோ பஞ்சாங்கம் செதுக்குவான். இவ எழுதினது ஒண்ணுகூட இந்த வாசலத் தாண்டாது."

"தாண்டாட்டி என்ன? இவ இருக்காள்ல?"

"இருக்கா. அடுத்த வருஷம் கல்யாணம். அப்புறம் இன்னார் மருமக, இன்னார் அம்மா. ருன்யூங்கிற பேர யாரு ஞாபகம் வெச்சுக்கப்போறா? பான் வீட்டுல ஒரு பொண்ணு செத்துதுன்னு நினைச்சுட்டுப் போகட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

"நான் பெத்தவ," என்றாள் அத்தை. "எனக்கு நஷ்டம்."

மாமனார் மகளைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. இது உன் புத்தகம்."

ருன்யூ விரல் நகத்தைப் பார்த்தாள். "எத்தனை பேர் படிப்பாங்கப்பா?"

"நான்ஜிங், ஹாங்சோ, தலைநகர். படிக்கத் தெரிஞ்ச வீட்டுலெல்லாம் இருக்கும்."

"பொம்பளைங்களும் படிப்பாங்களா?"

"அவங்கதான் முதல்ல."

அவள் மறுபடியும் நகத்தைப் பார்த்தாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

படகு மதியம் கழிந்து வந்தது. தெங் ஐயா வயதானவர். ஏமாற்றுக்காரராக இருப்பார் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. தேநீரைத் தொடுவதற்கு முன் ருன்யூவின் கவிதைகளை ஒவ்வொன்றாக மனப்பாடமாகச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. எந்த வரியில் எந்தச் சொல்லை வேறொருத்தி போட்டிருப்பாள், இவள் ஏன் போடவில்லை என்று சொன்னார். திரையின் இடுக்கில் கண்ணை வைத்திருந்த ருன்யூ என் கையைப் பிடித்தாள். அவள் யோசித்ததையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இறந்துபோன ஒருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு, "கடைசிக் கவிதை எங்கே?" என்றார்.

மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சியூ ஐயாவைப் பார்த்தார்.

"படுக்கையில எழுதினது. கண்மூடுறதுக்கு முன்னால எழுதியிருப்பாளே. இப்படிப்பட்டவ எழுதாமப் போயிருக்க மாட்டா. அது இல்லாட்டி இந்தத் தொகுப்புக்கு முகம் இல்ல."

"இருக்கு," என்றார் சியூ ஐயா. "உள்ளே இருக்கு. பெத்தவங்களுக்கு அத எடுத்துப் பாக்க மனசு வர்றதில்ல."

மாமனார் எழுந்து திரையைச் சுற்றி உள்ளே வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"கேட்டியா?" என்றார் மகளிடம். "நாலு வரி போதும்."

அத்தை எழுந்து மை உரைக்கும் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

இதைச் சொல்லியாக வேண்டும். எழுதியது நடக்கும் என்பது எங்களுக்கு விளையாட்டில்லை. கவிதை எழுதுகிற ஒருவர் இறந்தால், பழைய தாள்களைப் புரட்டி, அவர் தன் சாவை எந்த வரியில் எழுதி வைத்திருந்தார் என்று தேடுவோம். எப்போதும் கிடைக்கும். அத்தையின் சித்தி மகள் நரம்பறுந்த யாழைப் பற்றி எழுதினாள். அந்த வருடமே அவள் புருஷன் ஆற்றில் போனான். மாமனாருக்கும் இது தெரியும். அவரே எங்களுக்கு இப்படிப் பல கதைகள் சொல்லியிருக்கிறார்.

"பெட்டி செஞ்சு சாவ விரட்டி வெச்சிருக்கேன்," என்றாள் அத்தை. சத்தம் வெளியே போகாமல் பல்லுக்குள் பேசினாள். "நீங்க வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடுறீங்களா?"

"வெறும் நாலு வரி."

"அப்ப நீங்களே எழுதுங்க. உங்க சாவ எழுதுங்க."

"என்னால அவள மாதிரி எழுத முடியாது," என்றார் மாமனார். சத்தியமாகச் சொன்னார்.

ருன்யூ அம்மாவின் விரல்களை மெல்ல ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அத்தையின் உள்ளங்கை கறுத்திருந்தது.

"வேணாம்," என்றேன் நான். "ருன்யூ, வேணாம்."

"சும்மாதானே அண்ணி."

ஒருமுறைதான் தூரிகையை மையில் தோய்த்தாள். இத்தனை நாள் வராதது இப்போது நிற்காமல் வந்தது. நான் அவள் தோளுக்கு மேலிருந்து படித்தேன்.

திரைச்சீலையைத் தட்டாதே, அச்சுன்.
அந்தத் தூசியில் என் மூச்சு இருக்கிறது.
சன்னலையும் சாத்த வேண்டாம். மழை வந்தால்
என் இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

"சின்னம்மா," என்றாள் மூலையில் நின்ற அச்சுன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ருன்யூ எழுதும்போதே முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறாள். "என் பேர ஏன் சின்னம்மா இழுத்தீங்க? நான் எத்தனை தடவ அந்தத் திரையத் தட்டுறது? தட்டாட்டி பெரியம்மா திட்டுறாங்க." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

மாமனார் தாளை இரு கைகளாலும் எடுத்துக்கொண்டு போனார். மை காயும்வரை நிற்கவில்லை.

தெங் ஐயா முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு உரக்கப் படித்தார். இரண்டாவது வரியின் முடிவில் அவர் குரல் நின்றது.  சியூ ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈர மையை ஒருவரும் கவனிக்கவில்லை. தெங் ஐயாவின் கட்டைவிரலில் அது ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

அப்போது அத்தை வெளியே போனாள்.

விருந்தாளி இருக்கும்போது அவள் திரையைத் தாண்டியதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, சிறுவயதில் கட்டிக் குறுக்கிய கால்களை எட்டி வைத்து, கூடத்தின் நடுவில் போய் நின்றாள். உள்ளங்கையில் மை.

"ஐயா," என்றாள். "என் பொண்ணு உசுரோட இருக்கா. அந்தத் திரைக்குப் பின்னால நிக்கிறா. இப்பத்தான் இறால் போட்டுச் சோறு தின்னா. இறால் தலைய உறிஞ்சிட்டுத் துப்பினா. வேணும்னா கூப்பிடுறேன், பாருங்க."

தெங் ஐயா எழுந்தார். மரியாதைக்காக அவள் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்து வணங்கினார்.

"இருப்பா தாயே," என்றார். "உங்களுக்கு என்னிக்கும் இருப்பா."

"ஐயோ, அப்படி இல்லீங்க. நிஜமாவே இருக்கா."

"ஆமா தாயே. ஆமா."

அவர் மாமனார் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார். "எப்பலேருந்து இப்படி?"

மாமனாரின் வாய் திறந்தது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"குளிர்காலத்துலேருந்து," என்றார் சியூ ஐயா.

மாமனார் வாயை மூடிக்கொண்டார். தரையைப் பார்த்தார்.

"இதையும் குறிப்புல சேக்கணும்," என்றார் தெங் ஐயா. அவர் கண்கள் நிறைந்திருந்தன. "தாய் இன்னும் மகளுக்குச் சோறு போடுறா. இறால் தலை. இத எந்தக் கதைக்காரனாலயும் இட்டுக்கட்ட முடியாது."

அத்தை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கணவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவள் திரும்பி உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் ருன்யூவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா. நீயே வந்து நில்லு. ஒண்ணும் பேச வேணாம். ஒரு தும்மல் போட்டாப் போதும்."

"போ," என்றேன் நானும். அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "அவங்க என்ன வேணா நினைச்சுக்கட்டும். போய் நில்லு."

ருன்யூ ஓரடி எடுத்து வைத்தாள். திரையின் விளிம்பு அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இன்னோர் அடி வைத்தால் கூடம். அவள் வைப்பாள் என்றுதான் தோன்றியது. முகம் அப்படி இருந்தது.

கூடத்தில் தெங் ஐயா அந்த நான்கு வரியை மறுபடியும் படிக்கத் தொடங்கினார். இந்த முறை மெதுவாக, யாருக்கும் இல்லாமல், தனக்கே படித்தார்.

அவள் நின்றுவிட்டாள்.

"வாடீ," என்றாள் அத்தை.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றாள் ருன்யூ. அவள் முகம் கூடத்தின் பக்கம் திரும்பியிருந்தது. "ரெண்டாவது வரியில நிறுத்துறார் பாருங்க. சரியா அங்கதான் நிறுத்தணும்."

அத்தை மணிக்கட்டை விடவில்லை. ருன்யூவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. படித்து முடிக்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.